ஏலத்தில் போன வண்டி

லிப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் 'சேப்டி'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மெயினை அணைத்தாயா என்று ஒருவனைக் கேட்பார், அணைத்தாயிற்று என்றால் இன்னொருவனைக் கேட்பார், கடைசியில் தானே போய்ப் பார்த்துவிட்டு வருவார். "அண்ணே, பொண்ணு பார்க்கப் போனப்பவும் ஹெல்மெட்தானா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். வேலையில் கெட்டி, கை சுத்தம், வாயும் சுத்தம். ஒரே ஒரு கோளாறு உண்டு. பக்கத்து இலையில் என்ன விழுகிறது என்று பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் அக்காள் புருஷன், ஒரு கார் வாங்கினார். வாங்கிய கையோடு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாசலில் இறக்கிவிடும்போது, "கதவ மெதுவா சாத்துங்க சகலை, புதுசு" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. சேப்டி கடன் கம்பெனிக்குப் போய், கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, சகலையின் வண்டியைவிட ஒரு சாண் நீளமான வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சுட்ட செங்கல் நிறம். அப்போதுதான் எழுதப் பழகிக்கொண்டிருந்த மகள், அந்த வாரமே ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பின்கதவில் தன் பெயரின் முதல் எழுத்தைத் தலைகீழாகக் கீறி வைத்தாள். அவர் அன்று முழுக்கப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மனைவி ஒரு மருந்துக்கடையில் கவுண்ட்டரில் நிற்பவள். வண்டி வந்த புதிதில் அவளும் ஆசையாகக் கேட்டாள்.

"எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்களேன்."

"கிளட்ச் தேஞ்சு போயிடும்மா. கொஞ்சம் பொறு, அப்புறம் பார்க்கலாம்."

அந்த அப்புறம் வரவே இல்லை. அதற்குள் கம்பெனியில் ஓவர்டைமை நிறுத்தினார்கள். ஓவர்டைமை நம்பித்தான் தவணையே. ஒன்று தவறியது, அதைக் கட்டுவதற்குள் இன்னொன்று தவறியது. ஒரு நாள் காலை அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்து காகிதத்தைக் காட்டிச் சாவியைக் கேட்டார்கள். ஒரு கன்னத்தில் நுரையோடு வாசலுக்கு வந்து சாவியைக் கொடுத்தார். "இன்னொரு சாவி?" என்றார்கள். "தொலைஞ்சு போச்சு" என்றார். அது பீரோவில் இருந்தது. ஏன் பொய் சொன்னோம் என்று அவருக்கே பிடிபடவில்லை. வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் உள்ளே போய் மற்றக் கன்னத்தை மழித்தார்.

வண்டி போனால் கடனும் கூடவே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். அவரைப்போல நினைப்பவர்கள் நிறையப் பேர். கம்பெனிக்காரர்கள் வண்டியை ஏலத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, கடனில் அது போக மிச்சம், வட்டி, வண்டியை இழுத்த கூலி, நிறுத்தி வைத்த வாடகை எல்லாவற்றையும் கூட்டி அவர்மேல் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. "வண்டியத்தான் தூக்கிட்டுப் போயிட்டாங்களே, இன்னும் எதத் தூக்கப் போறாங்க?" என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டார். "ஒரு எட்டுப் போயிட்டு வந்துடுங்களேன்" என்றாள் மனைவி. அன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரி லிப்ட் நின்றுவிட்டது, போயே ஆகவேண்டும் என்றார். லிப்ட் நின்றது என்னவோ உண்மைதான். அதைப் பார்க்க வேறு ஆள் இருந்தது என்பதும் உண்மைதான். நாலு பேர் முன்னால் கூண்டில் ஏறி நிற்க அவருக்கு மனசில்லை.

எதிராளி இல்லாத ஆட்டத்தில் இறங்கியவன் வைத்ததே கோல். கம்பெனி சொன்னது அப்படியே தீர்ப்பாயிற்று.

தீர்ப்பு என்றால் என்ன என்பது மனைவிக்குத்தான் முதலில் தெரிந்தது. சூப்பர் மார்க்கெட்டில் பாலும் சோப்பும் பள்ளிக்கூட நோட்டுகளும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். கார்டு வேலை செய்யவில்லை. துடைத்துப் போட்டாலும் வேலை செய்யவில்லை. பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்தார். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாள். பேங்கில் விசாரித்தால், கோர்ட் உத்தரவு, உங்கள் வீட்டுக்காரர் பேரில் இருக்கும் கணக்கை முடக்கி வைத்திருக்கிறோம் என்றார்கள். மறுவாரம் சேப்டியை ஆபீஸில் கணக்குப் பார்க்கும் அம்மாள் கூப்பிட்டார். அந்த அம்மாளுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். பேனாவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்க சம்பளத்துல ஒரு பங்கு மாசாமாசம் பிடிச்சு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருக்குங்க."

"பிடிக்காம இருக்க முடியாதாம்மா?"

"உங்களப் பிடிக்கலேன்னா எங்களப் பிடிப்பாங்க."

மனைவிதான் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனாள். கோர்ட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், காசு வாங்காமல் யோசனை சொல்ல ஒரு வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கேசு நடக்கறப்பவே வந்திருந்தா எவ்வளவோ கேட்டிருக்கலாம். ஏன் இவ்வளவு குறைச்ச விலைக்கு வித்தீங்க, வட்டி எப்படிப் போட்டீங்கன்னு கேட்டிருக்கலாம். நாம கேட்டா அவங்க பதில் சொல்லித்தான் ஆகணும்."

"இப்பக் கேக்கக் கூடாதா?" என்றார் சேப்டி.

"கெடு தாண்டிப் போச்சு. இப்பக் கேக்கறதுக்கு ஒண்ணுதான் மிச்சம். குடும்பம் நடத்தக் கொஞ்சம் விட்டு வைங்கன்னு கேக்கலாம்."

அதைக் கேட்டு வாங்கியும் கொடுத்தார். பேங்க் கணக்குத் திறந்தது, சம்பளத்தில் பிடிப்பதும் கொஞ்சம் குறைந்தது. நடுவில் ஒரு நாள் கோர்ட் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து சாமான்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மரியாதையான மனிதர், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தார். சேப்டியின் வேலைப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இது உங்க பொழைப்பு, இதத் தொடமாட்டோம்" என்று மூடி வைத்தார். டிவி மட்டும் போயிற்று. மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு பக்கத்து வீட்டு டிவிக்குப் பழகிவிட்டாள்.

இதெல்லாம் ஒரு மாதிரி ஆறிக்கொண்டு வந்த சமயத்தில்தான் அவர் அந்த வண்டியைப் பார்த்தார்.

ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், லிப்ட் மோட்டார் அறையில் கிரீஸ் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி ஜன்னல் பக்கம் வந்தவர் கீழே பார்த்தார். எதிர்ச்சாரியில் செங்கல் நிறத்தில் ஒரு கார். தலைமேல் 'டிரைவிங் ஸ்கூல்' என்ற பலகை. அந்த நிறத்தில் ஊரில் எத்தனையோ கார் ஓடும். ஆனாலும் படியிறங்கி ஓடினார், தான் சரி செய்த லிப்ட்டையே மறந்துவிட்டார். பின்கதவில் அந்தத் தலைகீழ் எழுத்து இருந்தது. மேலே மெழுகு தேய்த்திருந்தார்கள். அப்படியும் இருந்தது.

டிரைவிங் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். மை பூசிய தலைமுடி, கறுப்புக் கண்ணாடி, சட்டையில் மூக்கைத் துளைக்கும் சென்ட், ஜன்னலுக்கு வெளியே நீட்டிய முழங்கை. ஸ்டியரிங்கில் ஒரு வாலிபன் கியரைப் போட்டான். அது அம்மிக்கல்லை இழுப்பதுபோலக் கத்தியது. சேப்டிக்குத் தன் பல்லைப் பிடுங்கியதுபோல இருந்தது.

அதுவரை அடுத்தவன் வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர் அவர். இப்போது தன் வண்டியையே பார்த்துப் பொறாமைப்படும் காலம் வந்தது. மாதா மாதம் சம்பளத்திலிருந்து போகிறதே, அது அந்த வண்டிக்குத்தான் போகிறது. கட்டுகிறவன் பஸ்ஸில் தொங்குகிறான். கட்டாதவன் முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு போகிறான். ஊரில் இருக்கிற ஓட்டத் தெரியாதவன் எல்லாம் அதில் ஏறி இறங்குகிறான். ஓட்டத் தெரிந்த ஒருவனுக்கு மட்டும் இடமில்லை. எந்த வேலைக்குப் போனாலும் அந்தத் தெரு வழியாகப் போக ஆரம்பித்தார். வண்டி கண்ணில் பட்டால் வயிறு எரிந்தது. படாவிட்டால் எங்கே போயிற்று என்று மனம் அலைந்தது.

மனைவியிடம் சொன்னார். "நம்ம வண்டியப் பார்த்தேன். ஒருத்தன் டிரைவிங் ஸ்கூல் நடத்தறான் அதுல. கியர் போடறதக் கேட்டா அழுகையே வருது."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எதற்கும் ஒன்பது கேள்வி கேட்பவள் ஒன்றும் கேட்கவில்லையே என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

தோன்றியது ஒரு மதியம். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். சிக்னல் விழுந்தும் பஸ் நகரவில்லை. டிரைவர் ஹாரனை அழுத்தினார். முன்னால் ஏதோ கார் நின்றுவிட்டது என்று ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், அவரும் எட்டிப் பார்த்தார். செங்கல் நிறம். தலையில் பலகை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி.

கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கும் சிரிப்பு. பக்கத்தில் மாஸ்டரும் கறுப்புக் கண்ணாடியோடு சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்திருக்கிறார். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைத்தாள் என்று அவர் தேடியதும் இல்லை. இதோ, அவருடைய வண்டியில், வேறு ஒருத்தன் பக்கத்தில் உட்கார்ந்து, அதை வெளியே எடுத்து வைத்திருக்கிறாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பிப் போயிற்று. அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிற்று.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்தவர் நேராகக் கேட்கவில்லை. சுற்றி வளைத்தார்.

"இன்னிக்கு மத்தியானம் கடையில கூட்டமோ?"

"வழக்கம் போலத்தான்."

"சாப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது."

"சாப்பிட்டேனே."

மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "அம்மாவுக்கு ரிவர்ஸ்கூட வந்துடுச்சுப்பா" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரமாக நின்றாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றார்.

"கொஞ்ச நாளா."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா விடுவீங்களா?"

"ஊர்ல வேற டிரைவிங் ஸ்கூலே கிடையாதா?"

"இருக்கு. இது கடைக்குப் பக்கம். காசும் குறைச்சல்."

"அது யார் வண்டின்னு தெரியுமா, தெரியாதா?"

"மொத நாளே தெரியும். பின்கதவப் பார்த்தேன்."

"தெரிஞ்சுமா ஏறின?"

"தெரிஞ்சதாலதான் ஏறினேன்." குரலை உயர்த்தாமலே சொன்னாள். "வாசல்ல நின்னப்ப ஒரு நாள் ஸ்டியரிங்கத் தொட விட்டீங்களா? கிளட்ச் தேஞ்சு போயிடும்னீங்க. இப்ப ஊரே தேய்க்குது. என் பங்குக்கு நானும் தேச்சுட்டுப் போறேன்."

ஆனால் அவருக்குள் எரிந்துகொண்டிருந்தது அது இல்லை. எரிந்தது எதுவோ அது தானாக வெளியே வந்தது.

"சிக்னல்ல அந்த ஆளு கூட அப்படி என்ன சிரிப்பு?"

அவள் திடுக்கிட்டுத்தான் போனாள். "பார்த்தீங்களா?" என்றாள். பிறகு சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னாள். "வண்டி நின்னு போச்சு, பின்னால ஒரே ஹாரன். அதுக்கு அவரு, 'பயப்படாதீங்கம்மா, பாதியில நின்னு போறது இந்த வண்டிக்கு ராசி. முன்னால வச்சிருந்தவனும் பாதியில நின்னு போனவன்தான்'னாரு."

"அதுக்கு நீ சிரிச்ச."

"சிரிப்பு வந்துடுச்சு."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பொறாமைக்குக் கண் கிடையாது என்பார்கள்; ஆனால் காது உண்டு. அடுத்த சில நாட்களில் மகளிடம் பேச்சுக் கொடுத்து எல்லாவற்றையும் கறந்துவிட்டார். லைசென்ஸ் டெஸ்ட் என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார் யார் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். டெஸ்டுக்கு முந்தின நாள் மாஸ்டர் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. வண்டி அவருடைய ஆபீஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ரொட்டிக்கடைக்குப் பின்னால் சுவரோரமாக நிற்கும்.

அன்று பீரோவில் இருந்த சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். போகும்போது, சும்மா ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கதவு திறந்தது. உள்ளே நுழைந்ததும் சென்ட் வாசனை. சீட்டில் ஒரு பூப்போட்ட துண்டு விரித்திருந்தது. உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டை முன்னால் இழுத்து வைத்திருந்தார்கள், குள்ளமான ஒருத்திக்குக் கால் எட்டுவதுபோல. கண்ணாடியில் பார்த்தால் அவர் முகம் தெரியவில்லை, கூரைதான் தெரிந்தது. பக்கத்து சீட்டின் கீழே மாஸ்டரின் காலுக்கென்று தனியாக ஒரு பிரேக் மாட்டியிருந்தது. அந்த வண்டியில் அவருடையது என்று ஒன்றுமில்லை. வேறு குடித்தனம் வந்துவிட்ட வீட்டுக்குள் நுழைந்தவன்போல உட்கார்ந்திருந்தார்.

பிறகு குனிந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். பிரேக் பக்கம் கையைக் கொண்டுபோகவே மாட்டார். பொறாமையிலும் அவர் சேப்டிதான். யாருக்கும் அடிபடக்கூடாது, வண்டி கிளம்பக் கூடாது, அவ்வளவுதான். பெட்ரோல் ஏறும் பம்புக்கான ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். கதவை மெதுவாகச் சாத்திப் பூட்டிவிட்டு நடந்தார்.

மறுநாள் அவர் வீடு திரும்பியபோது மனைவி வெளியே கட்டிப்போன உடையோடேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை.

"வண்டி கிளம்பவே இல்ல" என்றாள். "மெக்கானிக் வந்து பார்த்து, என்னன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள எங்க நேரம் போயிடுச்சு. இனிமே அடுத்த தேதி எப்பக் குடுப்பாங்களோ."

அவருக்கு ஒரு நொடி உள்ளே இனித்தது. அதை மறைக்கக் கை கழுவும் சாக்கில் குழாய்ப் பக்கம் போனார்.

"அடுத்த தடவை போனாப் போச்சு. என்ன அவசரம் இப்ப?"

"கடையில வீட்டுக்கு வீடு மருந்து கொண்டு போய்க் குடுக்கறதுக்கு வேன் வாங்கியிருக்காங்க. லைசென்ஸ் வந்தா எனக்குத்தான் தரேன்னாரு மொதலாளி. கவுண்ட்டர் சம்பளத்த விட ஒண்ணரைப் பங்கு. இன்னிக்கு டெஸ்ட் போச்சுன்னதும் அவரோட அக்கா பையனுக்குக் குடுத்துட்டாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க சம்பளத்துல போறதுக்கு அது ஈடாயிருக்கும். கைக்கு வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

குழாய் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை மூட மறந்து நின்றார்.

சொல்லிவிடலாம் என்று அன்று நினைத்தார், மறுநாளும் நினைத்தார். நினைத்துக்கொண்டே இருந்ததில் துணி துவைக்கும் நாள் வந்துவிட்டது. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸை வைத்தாள். சட்டைப் பையில் இருந்து எடுத்தது.

"இது லிப்ட்டுல வர்றதா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் அவள் கேட்ட விதத்தில், அவர் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு ஏக்கம் இருந்தது. அது அவரால் தாங்க முடியவில்லை.

"இல்ல" என்றார்.

அவள் கத்தவில்லை. எதிரே உட்கார்ந்து டேபிள் விரிப்பை நீவிவிட்டாள்.

"டெஸ்டுக்கு என் கூட ஒரு நர்ஸுப் பொண்ணு வந்திருந்தா. டியூட்டிய மாத்திட்டு வந்தவ. அவளுக்கும் போச்சு." கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு அந்த ஆள் மேல எரிச்சலா, வண்டி மேலயா?" என்று கேட்டாள்.

"வண்டி மேலதான்" என்றார். பிறகு, "நீ சிரிச்சது மேல" என்றார்.

அவள் அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கோபம் இருந்தது. கூடவே வேறு ஏதோ இருந்தது. அவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. "மாஸ்டர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்று எழுந்துகொண்டாள். "நான் சொன்னா, அந்தப் பாதியில நின்னு போனவன் யாருன்னும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும்."

மாஸ்டரின் ஆபீஸ் ஒரு படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, சுவரில் போக்குவரத்துக் குறிகளின் படம். மாஸ்டர் டீயில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் கண் ரெண்டும் சின்னதாக, தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தது. தலைமுடியின் அடியில் வெள்ளை எட்டிப் பார்த்தது.

சேப்டி ஃபியூஸை மேஜைமேல் வைத்தார். சாவியையும் வைத்தார்.

"ஃபியூஸ எடுத்தது நான்தான். அந்த வண்டிய முன்னால வச்சிருந்தவனும் நான்தான்."

மாஸ்டர் ரொட்டியைக் கீழே வைத்தார். விஷயம் விளங்கியதும் நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டார்.

"ஏன்யா, உனக்கு அறிவிருக்கா? ரெண்டு பொம்பளைங்க அன்னிக்குக் கண்ணு கலங்கி நின்னாங்க. மெக்கானிக்குக்குக் காசு அழுதேன். பேரு கெட்டுப் போச்சு. நேரா போலீசுக்குப் போகட்டுமா?"

"போங்க. மெக்கானிக்குக்குக் குடுத்தத நான் தரேன். ரெண்டு பேரோட டெஸ்ட் பீஸையும் கட்டிடறேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் முடியும். ஏற்கனவே சம்பளத்துல பிடிக்கறாங்க."

"எதுக்குப் பிடிக்கறாங்க?"

"இந்த வண்டிக்குத்தான்."

மாஸ்டருக்குப் புரியவில்லை. சேப்டி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்: வண்டி ஏலம் போனது, மிச்சத்துக்கு வழக்கு வந்தது, தான் போகாமல் விட்டது, தீர்ப்பானது. கேட்கக் கேட்க மாஸ்டரின் கோபம் இறங்கி முகத்தில் ஒரு கலக்கம் வந்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

"எந்தக் கம்பெனி?"

சேப்டி சொன்னார்.

மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "ஏலத்துல எடுக்கக் கைல பணம் இல்லைன்னேன். அதுக்கென்ன, நாங்களே கடன் தரோம்னாங்க. நானும் அங்கதான்யா கட்டிட்டிருக்கேன். போன மாசத்தது இன்னும் போகல."

ஒரே பசுவை ரெண்டு பேர் தலையில் கட்டிவிட்டு, பாலையும் கறந்துகொண்டு போகிறான் ஒருத்தன். இத்தனை நாள் இந்த மனிதனின் முழங்கையைப் பார்த்தா வயிறெரிந்தோம் என்று சேப்டி நினைத்தார். அப்படி நினைத்தும் அந்த மை பூசிய தலைமேல் அவருக்குப் பிரியம் வந்துவிடவில்லை. ஆனாலும் சொன்னார்.

"கோர்ட்டுல இருந்து ஏதாவது வந்தா ஓரமா வைக்காதீங்க. போயி நில்லுங்க. கீழ்த்தளத்துல ஒரு வக்கீலம்மா இருக்காங்க, காசு கேக்க மாட்டாங்க. நான் போகாம விட்டதுதான் தப்பு."

மாஸ்டர் தலையாட்டினார். சாவியை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சேப்டி வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து, "உங்க வீட்டம்மா கை நல்ல கை. பத்துப் பேர்ல ஒருத்தருக்குத்தான் அப்படி அமையும்" என்றார். எல்லாம் பேசி முடித்துச் சமாதானமாகப் போகிறவனுக்கு அது ஊசியால் குத்தியதுபோல இருந்தது. இது எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் பேச்சு சில மாதங்கள் அளவோடுதான் இருந்தது. சாப்பாடு வரும், சட்டை மடித்து வரும், கேட்டதற்குப் பதில் வரும், அதற்குமேல் வராது. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. வாடிக்கையாகச் சாயங்காலம் நண்பர்களோடு குடிக்கும் டீயை நிறுத்தி மெக்கானிக் கூலியையும் டெஸ்ட் பீஸையும் கட்டி முடித்தார். நர்ஸுப் பெண்ணிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுவும் சரிதான் என்று திரும்பி வந்தார்.

அடுத்த தேதியில் மனைவி டெஸ்டில் தேறினாள். மருந்துக்கடை வேன் கைவிட்டுப் போனது போனதுதான். முதலாளியின் அக்காள் மகன் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் நாலு இடம் அலைந்து ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டச் சேர்ந்தாள். மருந்துக்கடைக்காரர் தருவதாகச் சொன்ன அளவு இல்லை, கவுண்ட்டரில் நின்றதைவிட மேல். விடியும்போது கிளம்பி, கடை கடையாக ரொட்டித் தட்டுகளை இறக்கிவிட்டு வரவேண்டும். சம்பளத்தில் பிடிப்பது இன்னும் சில வருஷம் ஓடும் என்று ஆபீஸ் அம்மாள் சொல்லியிருந்தார். ஓடட்டும் என்று விட்டார்கள்.

ஒரு லீவு நாளில், "சும்மாத்தானே இருக்கீங்க, கூட வாங்களேன்" என்றாள். அவர் ஏறி உட்கார்ந்தார். பக்கவாட்டில் அவள் முகம் வேறு யாருடையதோபோல இருந்தது. வாயைத் திறந்து எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவள் இண்டிகேட்டர் போடும் முன்பே 'போடு' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டார். சந்து பொந்தெல்லாம் வேன் வழுக்கிக்கொண்டு போயிற்று.

ஒரு கடை வாசலில் நிறுத்தினாள். கடைக்காரர் சின்ன வயது, பளிச்சென்று வெளியே வந்து, "வாங்கக்கா, நேத்து ரொட்டி கருகலா வந்துச்சுன்னு சொன்னேனே, உங்க கம்பெனியில அடுப்பு எரியுதா, ஆபீஸ் எரியுதா?" என்றார். அவள் தோள் குலுங்கச் சிரித்தாள்.

சேப்டிக்குள் பொறாமை மறுபடி தலைதூக்கியது. பழைய சங்கதிதான்; அது போய்விடும் என்று அவர் நம்பியதும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் பின்பக்கம் போனார்.

"இந்தக் கடைக்கு எத்தனை தட்டும்மா?" என்று கேட்டார்.

"நாலு. கீழ இருக்கறது சூடு, பார்த்து" என்றாள் அவள்.

"யாருக்கா, புது ஆளா?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்காரரு. லிப்ட் வேலை. இன்னிக்கு லீவு."

கடைக்காரர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது, அக்கா என்றுதானே கூப்பிட்டான் என்று அவர் மனசுக்குள் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார். தட்டை இறக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கத் திரும்பினார்.